டோர்வில்லின் சீனர்

1974 ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்கு, ராயல் கஃபே நடத்திவந்த கிளாரன்ஸ் யீ தன் பட்டு அங்கியைக் கழற்றப் பார்த்தார், அது கழலவில்லை. பொத்தான் சிக்கியிருக்கும் என்று அவர் மனைவி ரூபி ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கடைசிப் பொத்தானுக்கு அவள் கை வருவதற்குள் முதல் பொத்தான் தானே பூட்டிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். வெட்டிய இடம் வெட்டிய வேகத்தில் மூடிக்கொண்டது. ஏழரை மணிக்கு டாக்டர் வந்து பார்த்தார். கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் விரல் நுழைகிறது, தோலில் தடிப்பு இல்லை, நாடி சீராக இருக்கிறது, தையல்தான் சுமார் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஆண்டு கோதுமைக்கு நல்ல விலை; ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்ததால் அங்கி விஷயம் எல்லோர் காதுக்கும் எட்ட மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் இன்னும் நாற்பத்தோரு பேருக்கு அதே கதி நேர்ந்திருந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புவரை டோர்வில்லில் பண்பாடு என்று ஒன்று இருப்பதாக யாருக்கும் தெரியாது. குளிர் இருந்தது, கோதுமை இருந்தது, ரயில் பாதையோரம் நான்கு தானியக் கோபுரங்களும் ஊருக்குள் ஐந்து தேவாலயங்களும் இருந்தன. 1971 அக்டோபரில் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து அறிவிப்பு வந்தது. கனடாவுக்கு ஆட்சிமொழி இரண்டு, ஆனால் இதுதான் நம் பண்பாடு என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லா இனத்தாரின் பண்பாட்டையும் அரசு கைதூக்கிவிடும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முன்பு எல்லாம் ஒழுங்காக இருந்ததென்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கிளாரன்ஸின் அப்பா முப்பது ஆண்டுகள் அந்த ஊருக்குச் சோறு போட்டவர். அவருடைய பெயரைக் கற்றுக்கொள்ள ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை, எல்லோரும் 'சார்லி' என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு ஓட்டுரிமை கொடுக்க நாட்டுக்கு மனம் வந்தது அவர் பல்லெல்லாம் விழுந்த பிறகு. அப்படி அப்பனை ஏறெடுத்தும் பாராத அரசாங்கம் இப்போது மகனைக் கொண்டாட ஆள் அனுப்பியது. ஆளின் பெயர் பெர்சி ஃபென்விக். காப்பீட்டு முகவர், புதிதாக அமைந்த டோர்வில் பண்பாட்டு மன்றத்தின் செயலாளர். கெட்டவர் இல்லை. தான் செய்வது நல்லது என்று அவர் மனதார நம்பினார், அதனால்தான் அவரை யாராலும் தடுக்க முடியவில்லை.

ஃபென்விக் ஒரு நாள் மத்தியானம் கஃபேக்கு ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே டிராகன் போட்ட மஞ்சள் பட்டு அங்கி. வின்னிபெக்கில் நாடகக் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு டச்சுக்காரர், ஏதோ நாடகத்துச் சக்கரவர்த்திக்கென்று தைத்தது. கைகள் இரண்டும் விரல் நுனியைத் தாண்டி முழங்கால் வரை தொங்கின.

"மிஸ்டர் யீ, ஆகஸ்ட்ல மன்றம் நடத்துற விழாவுல நீங்க உங்க பண்பாட்ட எங்களோட பகிர்ந்துக்கணும்" என்றார் ஃபென்விக்.

"எந்தப் பண்பாடு?"

"சீனப் பண்பாடுதான்."

"நான் இந்தக் கடை மாடில பொறந்தவங்க. சீனாவப் பார்த்ததே இல்ல. ரெஜைனாவத் தாண்டுனதே ரெண்டு தடவதான்."

"அதனால என்ன? ஊர்ல வேற யாரும் பார்த்ததில்லையே" என்றார் ஃபென்விக், ஆறுதலாக.

கிளாரன்ஸுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சீன மொழியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா திட்டிய திட்டுகள் மட்டும். ஆனால் வீட்டுக்கு வந்து கேட்பவரிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். அங்கியை மாட்டிப் பார்த்தார். ஆள் ஒல்லி, அங்கி பெரிது, தோளிலிருந்து வழிந்து விழுந்தது. ரூபி யோசித்து, பனிக்கட்டியில் கல் சறுக்கி ஆடும் அவருடைய கர்லிங் கிளப்பின் ஸ்வெட்டரை உள்ளே போட்டுவிட்டாள். அரக்குச் சிவப்பில் தடித்த கம்பளி. நெஞ்சில் ஒரு கல்லும் துடைப்பமும், கீழே வெள்ளை நூலில் 'கிளாரன்ஸ்' என்று அவள் கைப்படத் தைத்த பெயர். அதற்குமேல் அங்கி கச்சிதமாக உட்கார்ந்தது. ஆகஸ்ட் வெயிலில் கம்பளிக்குள் உடம்பு எரியும் என்று தெரிந்தும் மூன்று மணி நேரம்தானே என்று பொறுத்துக்கொண்டார்.

விழாவில் இனத்துக்கு ஒரு கூடாரம், ஒட்டுப்பலகையில். சீனக் கூடாரத்தில் காகித விளக்குக்கு அடியில் கிளாரன்ஸ் உட்கார்ந்திருந்தார். இருபது ஆண்டுகளாக அவர் கடையில் தினமும் காப்பி குடித்தவர்கள் வரிசையில் வந்து அவர் கையைக் குலுக்கி, கனடா பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார்கள். அடுத்த கூடாரத்தில் டீசல் மெக்கானிக் நெஸ்டர் பிலிப்சுக், பூவேலைச் சட்டையும் சிவப்புப் பூட்ஸும் ஆட்டுத்தோல் தொப்பியுமாக உக்ரைனாக நின்றார். அதற்கடுத்து ஐஸ்லாந்து; தபால்கார ஹால்டர் தலையில் கொம்பு வைத்த இரும்புத் தொப்பி. எங்கள் ஆட்கள் யாரும் கொம்பு வைத்ததே இல்லை என்று ஹால்டர் எவ்வளவோ சொன்னார். வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள் என்று மன்றம் சொல்லிவிட்டது. ஆங்கிலேயர்களுக்குக் கூடாரம் கிடையாது. அவர்கள் வழக்கமான கால்சட்டையில், கையில் காகிதத் தட்டோடு, ஒவ்வொரு கூடாரமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஆம்ப்ரோஸ் லாவல்லேவுக்கும் கூடாரம் இல்லை. அவர் பழங்குடி ரத்தமும் பிரெஞ்சு ரத்தமும் கலந்த மெட்டி இனத்தவர். ரயில் பாதை வருவதற்கு முன்பே, ஏன், டோர்வில் என்ற பெயர் வருவதற்கு முன்பே அவருடைய ஆட்கள் அங்கே காட்டெருமை துரத்தினவர்கள். விண்ணப்பம் கேட்டுப் போனவரிடம், நீங்கள் வந்தேறியவர் இல்லையாதலால் உங்களுக்கு வேறு துறை, அங்கே எழுதுங்கள் என்றார்கள். வேறு துறையோ, விழாக்களை மன்றம்தான் பார்த்துக்கொள்கிறது என்று பதில் போட்டது. ஆகவே, விழா முடிந்து நாற்பத்திரண்டு பேரின் உடுப்பு உடம்பைவிட்டுக் கழலாமல் நின்றபோது, ஆம்ப்ரோஸ் மட்டும் தன் பழைய ஜீன்ஸை ராத்திரி கழற்றிக் காலையில் மாட்டிக்கொண்டிருந்தார். வெளியூர்ப் பேருந்துகளில் வந்தவர்கள் அவரைக் கூட்டிப் பெருக்கும் ஆள் என்று நினைத்துக் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள்.

பேருந்துகள் வரத்தான் செய்தன. மன்றம் உடுப்பு விஷயத்தை ஒட்டாவாவுக்கு எழுத, 'தொடர் பங்கேற்பில் நாட்டுக்கே முன்மாதிரி' என்று பாராட்டுக் கடிதம் வந்தது. ஒட்டுப்பலகைக் கூடாரங்களைப் பிரிக்கப் போனவர்களின் சுத்தியல் காம்பு முறிந்தது. குளிர் தொடங்குவதற்குள் கூடாரங்களுக்குச் சுவர் வைத்து, புகைபோக்கி முளைத்து, உடுப்புக்காரர்கள் குடும்பத்தோடு அதற்குள் குடிபோயிருந்தார்கள். கலந்து கல்யாணம் செய்தவர்களை எந்தக் கூடாரத்தில் சேர்ப்பதென்று மன்றம் மேலிடத்தைக் கேட்டு எழுதியது. பதில் இன்னும் வரவில்லை. கஃபேயில் கிளாரன்ஸ் சட்டியில் எதைப் போட்டாலும் அது இனிப்பும் புளிப்புமாகச் சிவந்த பன்றிக்கறியாக மாறியது. வெங்காயம் போட்ட ஈரல் வறுவலும் உருளைக்கிழங்கு மசியலும்தான் அவர் கடையின் பெருமை. நெஸ்டர் அதை இருபது ஆண்டுகள் தினமும் தின்றவர். இப்போது ஈரலைச் சட்டியில் போட்டு மூடித் திறந்தால் பன்றிக்கறி. நெஸ்டர் ஒரு வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதையும் தின்று பார்த்தார். பிறகு அவர் கூடாரத்திலேயே பீட்ரூட் சூப் தானாக வந்து அடுப்பில் கொதிக்கத் தொடங்கியது. அவர் கடைக்கு வருவது குறைந்துபோனது.

குளிப்பது எப்படி என்று கேட்காதவர் இல்லை. கிளாரன்ஸ் அங்கியோடுதான் குளித்தார். பட்டு கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும். உள்ளே இருந்த கம்பளி காய இரண்டு நாள் ஆகும். அந்த ஸ்வெட்டரை அதற்குப்பின் யாரும் பார்க்கவில்லை, ரூபியைத் தவிர யாருக்கும் அது நினைவிலும் இல்லை. ஆனால் ஜூலை வந்தால் கிளாரன்ஸுக்கு நெஞ்சு அரிக்கும். அவர் அதைச் சொறிந்துகொண்டே பேருந்துக்காரர்களுக்குச் சிரிப்பார்.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டது பனித்தளக் கொட்டகை ஒன்று இருந்ததால். நவம்பர் முதல் மார்ச் வரை, வாரத்தில் மூன்று நாள், அங்கே கர்லிங். இருபது கிலோ கருங்கல்லைப் பனிக்கட்டியின் மேல் சறுக்கிவிட்டு, அதற்கு முன்னால் இரண்டு பேர் ஓடித் துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்து, எதிர்முனையில் வரைந்த வட்டத்தின் நடுவில் அதை நிறுத்தும் ஆட்டம்; நடுவுக்கு மிக அருகில் நிற்கும் கல்லுக்குத்தான் புள்ளி. அணிக்கு நான்கு பேர். கிளாரன்ஸ், நெஸ்டர், ஹால்டர், ஆம்ப்ரோஸ் நால்வரும் இருபத்திரண்டு குளிர்காலம் ஒரே அணி, கிளாரன்ஸ் தலைவர். பனியைக் குனிந்து ஒரு தடவை பார்த்தாலே கல் எங்கே வளையும் என்று சொல்லிவிடுவார். அந்த ஆட்டத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு, இரண்டும் எங்கள் ஊரில் ஜெபம் மாதிரி. ஓடுகிற கல்லில் உன் துடைப்பமோ துணியோ பட்டுவிட்டால், நடுவர் கண்டுபிடிக்கக் காத்திருக்காமல் நீயே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும்; அந்தக் கல் கணக்கில் சேராது. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக்கொடுத்து, எட்டுப் பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். உடுப்பு ஒட்டிக்கொண்ட முதல் குளிர்காலத்தில் கிளாரன்ஸ் துடைப்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, முழங்கால் வரை தொங்கிய வலது கைப்பட்டால் பனியைத் தேய்த்தார். அதைப்போல வழவழப்பாகத் தேய்க்கும் துடைப்பம் மாகாணத்திலேயே கிடையாது. துடைப்பம் எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் எழுதியிருக்கவும் இல்லை. கொட்டகைக்குள் நுழைந்தால் யாரும் அவரிடம் சீனாவைப் பற்றிக் கேட்பதில்லை, பனி எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் கேட்பார்கள். அந்த ஐந்து மாதத்துக்காகத்தான் அவர் மிச்ச ஏழு மாதம் உயிரோடிருந்தார்.

1975 இலையுதிர்காலத்தில் கொட்டகையின் கூரை ஒழுக ஆரம்பித்தது. பண்பாட்டு மரபு என்று பதிவு செய்தால் அரசு புதுக் கூரை போட்டுத்தரும் என்றார் ஃபென்விக். விண்ணப்பத்தை நால்வரும் கஃபேயில் உட்கார்ந்து நிரப்பினார்கள். எல்லாம் சரியாகப் போனது, ஏழாவது கேள்வி வரை: இம்மரபு எந்த இனத்தாருக்கு உரியது?

"டோர்வில்னு எழுது" என்றார் ஆம்ப்ரோஸ்.

"டோர்வில் ஒரு இனமா?" என்றார் கிளாரன்ஸ்.

"மைனஸ் நாப்பது டிகிரிக் குளிர்ல சாகாம கெடக்கோமில்ல, இனந்தான்."

கிளாரன்ஸ் பேனா மூடியைத் திருகித் திறந்தார். "இல்ல ஆம்ப்ரோஸ். கேட்டதுக்குப் பதில் சொல்லணும். இது ஸ்காட்லாந்துக்காரங்க ஆட்டம். விதிப் புஸ்தகத்துலயே மொத பக்கத்துல போட்டிருக்கு."

"புஸ்தகத்த அவன் படிக்கப் போறானா?"

"நான் படிச்சிருக்கேனே" என்றார் கிளாரன்ஸ். எழுதிவிட்டார். துணி பட்டால் கையைத் தூக்கிப் பழகியவர்களுக்கு வேறெதுவும் எழுத வராது. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டிருக்க மாட்டான்.

கூரை டிசம்பரில் வந்தது, கூடவே ஒரு கடிதமும். கர்லிங் ஸ்காட்லாந்து மரபாகப் பதிவாகிவிட்டதால், பனித்தளம் இனி ஸ்காட்லாந்துக் கூடாரத்தைச் சேர்ந்தது. பிற இனத்தார் ஆண்டுக்கு ஒரு நாள் விருந்தினராக வந்து பார்க்கலாம். டோர்வில்லில் ஸ்காட்லாந்துக் கூடாரமே இல்லை. ஆகவே ஒன்றைக் கட்டினார்கள். ஆள் வேண்டுமே என்று தேடியதில், ஃபென்விக்கின் கொள்ளுத்தாத்தா கப்பலுக்குக் காத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மூன்று வாரம் தங்கியிருந்தது தெரியவந்தது. அது போதும் என்று மன்றம் தீர்மானித்தது. ஜனவரி பதினோராம் தேதி, வெளியே மைனஸ் முப்பத்தெட்டு டிகிரிக் குளிரில், ஃபென்விக் படம் எடுப்பதற்காகக் ஸ்காட்லாந்து ஆண்களின் கட்டம்போட்ட அரைப்பாவாடையைக் கட்டினார். அவிழ்க்கப் போனார், வரவில்லை. அதற்குப்பின் அவருடைய முழங்கால்கள் நீலமாகவே இருந்தன. ஊரில் யாருக்கும் பரிதாபம் வரவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் சிரித்து முடித்த பிறகுதான் வந்தது.

கிளாரன்ஸ் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஃபென்விக்கின் அலுவலகத்துக்குப் போனார். அவர் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை.

"மிஸ்டர் ஃபென்விக், நீங்க இந்த ஆட்டத்த என்னிக்காவது ஆடியிருக்கீங்களா?"

"இல்ல. ஆனா கத்துக்கப்போறேன். நம்ம வேர நாம தேடிக்கணுமில்லையா?"

"அங்கியப் போடச் சொன்னீங்க, போட்டேன். கறி மாறிப்போச்சு, வாயத் தொறக்கல. இருபத்திரண்டு வருஷமா நான் நிக்கிற எடங்க அது. அந்த வட்டத்துல நிக்கிறப்ப மட்டுந்தான் நான் நானா இருக்கேன். அத ஏங்க எடுக்குறீங்க?"

ஃபென்விக் மனம் கலங்கிப்போனார். உண்மையாகவே கலங்கினார். "மிஸ்டர் யீ, ஒங்கள யாரும் ஒதுக்கல. ஒங்களுக்குன்னு எவ்வளவு வளமான மரபு இருக்கு. டிராகன் நடனத்துக்குத் தனியா உதவி வருது. நான் விண்ணப்பம் தரட்டுமா?"

கிளாரன்ஸ் எழுந்து வந்துவிட்டார். வாசலில் நின்றிருந்த ஆம்ப்ரோஸ் உள்ளே தலையை நீட்டி, பாவாடைக்காரர்களுக்குத் தைரியம் இருந்தால் ஒரே ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும், ஜெயித்தவர்களுக்குத் தளம் என்றார். ஃபென்விக்குக்கு யோசனை பிடித்திருந்தது. படம் எடுக்க நன்றாக இருக்கும். பக்கத்து ஊர்களிலிருந்து ஸ்காட்லாந்து ரத்தம் என்று சான்றிதழ் உள்ள மூன்று தேர்ந்த ஆட்டக்காரர்களை வரவழைத்து, நான்காவதாகத் தன்னைச் சேர்த்துக்கொண்டார்.

பிப்ரவரி கடைசி சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். ஊர் முழுக்க வந்திருந்தது, அவரவர் உடுப்பில். மூன்று பேருந்துகளில் வெளியூர்க்காரர்கள். நெஸ்டரின் சிவப்புப் பூட்ஸ் நடனத்துக்கென்று செய்தது, பனியில் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஹால்டரின் கொம்புகள் குனியும்போதெல்லாம் முன்னால் இழுத்தன. ஃபென்விக் தன் முதல் கல்லை விடும்போது கல் நின்ற இடத்தில் நிற்க, அவர் மட்டும் தளத்தின் பாதிதூரம் சறுக்கிப்போனார். ஆனால் மற்ற மூவரும் கெட்டிக்காரர்கள். கடைசிச் சுற்று வந்தபோது இரு பக்கமும் சமம். வட்டத்தின் விளிம்பில் பாவாடைக்காரர்களின் கல் ஒன்று உட்கார்ந்திருந்தது. மீதி இருந்தது கிளாரன்ஸின் ஒரே கல்.

அவர் குனிந்து பனியைப் பார்த்தார். கல்லை விட்டார். விட்ட கையோடு எழுந்து, அங்கி பறக்க அதன் பக்கத்திலேயே ஓடி, வலது கைப்பட்டால் முன்னால் தேய்த்துக்கொண்டே போனார். ஐம்பத்து நான்கு வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. கல் நடுவழியில் சோர்ந்தது; அவர் குனிந்து இன்னும் வேகமாகத் தேய்த்தார்; கல் வளைந்தது, விளிம்பிலிருந்த கல்லைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய் வட்டத்தின் நட்டநடுவில் நின்றது. கூரை அதிரக் கத்தினார்கள். ஹால்டர் ஆம்ப்ரோஸைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். கிளாரன்ஸ் மட்டும் மூச்சிரைக்க நின்று தன் கைப்பட்டின் நுனியைப் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கினார்.

"தொட்டுருச்சு" என்றார்.

சத்தம் அடங்க நேரமாயிற்று. பட்டின் ஓரத்தில் ஒரு நூல், அதுவும் ஒரு கணம். நடுவரும் பார்க்கவில்லை, எதிரணியும் பார்க்கவில்லை. வட்டத்தில் நின்றிருந்த நெஸ்டர் எப்போதும் செய்வதுபோலச் சிவப்புப் பூட்ஸால் அந்தக் கல்லை ஒதுக்கி ஓரமாகத் தள்ளினார். டோர்வில்காரர்கள் எல்லோருக்கும் புரிந்தது. புரியாமல் நின்றவர் ஃபென்விக் ஒருவர்தான்.

"அப்ப நாங்க ஜெயிச்சுட்டோமா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

ஜெயித்துவிட்டார்கள். உடனே படம் எடுக்க வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். கொட்டகை மாடியில் எட்டு நாற்காலி போட்ட மேசையில் நான்கு பேர் உட்கார்ந்து, ஜெயித்தவர்கள் வந்து குடிக்க வாங்கித்தரக் காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். வரவழைத்த மூன்று பேருக்கும் வழக்கம் தெரியும், ஆனால் பேருந்து கிளம்பிவிட்டது. ஃபென்விக்குக்குத் தெரியவே தெரியாது. கடைசியில் ஆம்ப்ரோஸ் எழுந்து, "பதிவு பண்ணுனவன் வரமாட்டான், எந்திரிங்கடா" என்றார்.

மறுநாள் காலை, வெளியே மைனஸ் முப்பத்தாறு டிகிரிக் குளிரில், கொட்டகைக்குள் இருந்த பனி முழுக்க உருகி வெதுவெதுப்பான தண்ணீராக நின்றது. கற்கள் அதில் கழுத்தளவு நின்றன. குளிரூட்டும் இயந்திரத்தை மாற்றினார்கள், நிபுணர்களைக் கூப்பிட்டார்கள். பனி பிடிக்கவில்லை, அதன்பின் என்றைக்கும் பிடிக்கவில்லை. மன்றம் தண்ணீரை இறைத்துவிட்டுச் சுவர் முழுக்கக் கர்லிங் படங்களை மாட்டி, மரபு நிலையம் என்று பெயர்ப்பலகை வைத்தது. அதே காலை கஃபேக்குப் பின்னால், ரூபி உருளைக்கிழங்கு போடும் நிலத்தில், நாற்பத்தைந்து மீட்டர் நீளத்துக்குப் பனி கண்ணாடிபோல இறுகியிருந்தது, வட்டங்கள் சகிதம். ரூபி கஃபே ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த வருஷம் கிழங்குக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

நால்வரும் அங்கே ஆடினார்கள். அந்தப் பனி ஏப்ரலில் உருகவில்லை, ஜூலையிலும் உருகவில்லை. நெஞ்சு அரிக்கும் நாட்களில் கிளாரன்ஸ் அதன்மேல் போய்ப் படுத்துக்கொள்வார். ஊரில் மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். தோற்றவர்களுக்கு ரூபி காப்பி ஊற்றினாள். மன்றம் அந்த நிலத்தைப் பற்றிக் கேள்விப்படாமல் இல்லை. ஆனால் அது எந்தக் கூடாரத்திலும் சேராததால் சுற்றுலாக் கையேட்டில் போட வழியில்லை, போடாததால் அது இல்லை. பேருந்துகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இப்படியே பத்தொன்பது குளிர்காலம் போயிற்று. ஒட்டாவாவில் அரசுகள் மாறின, கொள்கை சட்டமாயிற்று, பாராட்டுக் கடிதங்களின் காகிதம் தடிமனாயிற்று. உடுப்புகள் கழலவில்லை. தலைமுறை மாறிய பின் அவற்றைக் கழற்ற வேண்டும் என்ற நினைப்பும் பலருக்கு வரவில்லை, அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.

1995 அக்டோபரில் கிளாரன்ஸ் யீ தூக்கத்தில் இறந்தார். உடம்பைக் கழுவ ரூபி மேல் பொத்தானில் கைவைத்தாள். அங்கி முழுக்க அவிழ்ந்து, விருந்தாளியின் தோளிலிருந்து யாரோ மரியாதையாக வாங்கிக்கொண்டதைப்போலத் தரையில் விழுந்தது. உள்ளே அரக்குச் சிவப்பு ஸ்வெட்டர் அப்படியே இருந்தது. பூச்சி அரிக்கவில்லை, நிறம் போகவில்லை. கல்லும் துடைப்பமும் இருந்தன, வெள்ளை நூல் பெயர் இருந்தது. ரூபி பக்கத்தில் உட்கார்ந்து அந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் அழுதாள். நெஸ்டரும் ஹால்டரும் தொப்பியைக் கழற்ற முடியாமல் நின்றார்கள்.

சாயங்காலம் ஃபென்விக் வந்தார், அதே பாவாடையில், கையில் ஒரு படிவத்தோடு. கிழவராகியிருந்தார், முழங்கால்கள் நீலம் முற்றிக் கறுத்திருந்தன. மரபு நிலையத்துக்கு அங்கியைத் தர வேண்டும், அது நாட்டின் சொத்து என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ரூபி மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"ஸ்வெட்டர் வேணாமா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

ஃபென்விக் எட்டிப் பார்த்தார். படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். "அது எந்தப் பண்பாடு?" என்று கேட்டார். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஸ்வெட்டரோடு கிளாரன்ஸைப் புதைத்தார்கள்.

அங்கி இப்போது மரபு நிலையத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், தலையில்லாத பொம்மையின் மேல் இருக்கிறது. கீழே 'சீனர்' என்று ஒரு சீட்டு. நவம்பர் பிறந்துவிட்டால் அதன் வலது கைப்பட்டு முழங்கை வரை நனைந்து, நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பனித்தண்ணீர் விழும். நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவர் முதல் ஆண்டு துடைத்துப் பார்த்தார், இரண்டாம் ஆண்டு மேலிடத்துக்கு எழுதினார். இப்போது கீழே ஓர் அலுமினியப் பாத்திரம் வைத்திருக்கிறார். மார்ச் கடைசியில் சொட்டுவது நின்றதும் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்.